கேட்டவர்கள் பட்டியல்

ஆசிரியர் வெளியே கால் வைத்ததும் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு, அடியில் கோடும் இழுக்கிற ஜீவனை உங்களுக்குத் தெரியும். கிளாஸ் லீடர்! இருமினால் பெயர், இருமியவளுக்குத் தண்ணீர் நீட்டினால் நீட்டியவள் பெயர், ‘நான் பேசவே இல்லை’ என்று மறுத்தால், மறுப்பும் பேச்சுதானே, பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் இரண்டு. இதற்குச் சம்பளம் உண்டா? கிடையாது. டஸ்டரைத் தொடும் உரிமை உண்டு. அது போதும்.

2004-இல் கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில், எங்கள் பிளஸ் ஒன் வகுப்புக்கு பவானி லீடர். அங்கே முதல் நாளிலிருந்தே பிளஸ் டூ பாடம்தான். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் புது வாசனை கலையாமல் பைக்குள் தூங்கும். அதிகாரி பார்வையிட வரும் அன்று மட்டும் மேசைக்கு வரும். ஒரு நாள், பவானிக்குப் பக்கத்திலேயே உட்காரும் சுமையா எழுந்தாள்.

“இந்தப் புஸ்தகத்த எப்ப சார் நடத்துவீக?”

வகுப்பாசிரியர் சுந்தர்ராஜ் சார் பவானியைப் பார்த்தார், அவ்வளவுதான். அவளோ ‘கேட்டவர்கள்’ என்று புதுத் தலைப்பே போட்டுவிட்டாள்.

“எம்பேரு வர்றது மூணாவது தடவடி! அத்தாவக் கூப்பிடுவாக. படிப்பையே நிப்பாட்டிருவாகடி!” சுமையா கெஞ்சினாள்.

“நானா நிப்பாட்டுறேன்? பேர்தான எழுதுறேன்.”

பவானிக்கும் கண் கலங்கியது. கை நிற்கவில்லை. கெஞ்சியதற்குப் பெருக்கல் இரண்டு.

மறுநாள் சுமையாவின் அத்தா, ஏலக்காய் வியாபாரி அபுபக்கர், வகுப்பு வாசலில் நின்றார். மகளை வீட்டோடு வைத்துக்கொள்ளும் முடிவோடு வந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

“அப்படி என்ன சார் கேட்டா?”

சார் சொன்னார். அபுபக்கர் தாடியைத் தடவினார். கொஞ்சம் யோசித்தார்.

“அதானே, ஏன் சார் நடத்தல?”

முதுகுக்குப் பின்னால் எழுதும் சத்தம். திரும்பினார். சுமையாவின் பெயருக்குக் கீழே, முத்து முத்தான எழுத்தில்: அபுபக்கர், சுமையாவின் அத்தா.

“ஏம்மா, எம்பேரையுமா?”

“நீங்களும் கேட்டீகள்ல மாமா.”

அவள் குரலில் கேலி துளியும் இல்லை. அபுபக்கர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டினார். படிப்பு போச்சு என்று சுமையா அழ ஆரம்பித்தாள்.

“எதுக்கு அழுகுற? படிப்ப யாரு நிப்பாட்டுனா? கேட்டா பதில் சொல்ற பள்ளிக்கூடமாப் பாத்துச் சேப்போம், வா.”

மூன்றாவது பெஞ்சில் இருந்த எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. என் பெயர் அந்தப் பலகையில் ஒரு நாளும் வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பவானியைத் திட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விட முடியாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் யாரோ எழுந்து ஒரு கேள்வி கேட்பார். அப்போது உங்கள் கழுத்தைக் கவனியுங்கள்: பதில் சொல்ல வேண்டியவர் பக்கம் திரும்புகிறதா, ‘யார் வீட்டு ஆளுப்பா இது?’ என்று கேட்டவர் பக்கம் திரும்புகிறதா?