ஆடி மாசத்து அந்தமான்

மரியாதைக்குரிய பாவா வெங்கடேசன் அவர்களுக்கு,

திருத்தணியிலிருந்து உங்கள் தங்கை தாயம்மாளின் வீட்டுக்காரன் பூபாலன் பணிவுடன் எழுதிக்கொள்வது. மலைமேல் முருகன் சௌக்கியம். மலைக்குக் கீழே உங்கள் தங்கையைத் தவிர யாரும் சௌக்கியமில்லை. ஓசூரில் தாங்களும் தங்கள் முட்டிவலியும் எப்படி என்று அறிய ஆவல். போன் இருக்க இந்த ஆள் ஏன் தபால் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். இளவயசிலிருந்து விசைத்தறி ஓட்டி ஓட்டி என் குரல் அந்தச் சத்தத்துக்குத் தக்கபடி ஆகிவிட்டது. நான் போனில் குசுகுசுவென்று பேசினாலே தெருக்கோடியில் இருப்பவன் பதில் சொல்கிறான். இதுவோ உங்கள் தங்கை காதில் விழக்கூடாத சங்கதி.

வைகாசியில் நம் சக்திவேலுக்கும் கவிப்பிரியாவுக்கும் நடந்த கல்யாணத்தை நீங்களே முன்னால் நின்று நடத்தினீர்கள். அன்று பிடித்த விருந்து இன்னும் விடவில்லை. இன்றைக்குப் பொதட்டூர்பேட்டை, நாளைக்கு நகரி, போகாவிட்டால் அந்த வீட்டுக்காரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நடுவில் பையன் அந்தமானில் ஒரு தீவுக்குத் தேனிலவு டிக்கெட் போட்டுவிட்டான். கம்பெனியில் மிஷின்களை நிறுத்திப் பழுது பார்க்கிற அந்த வாரம்தான் அவனுக்கு லீவாம். அந்த வாரம் எங்கே வந்து விழுகிறது தெரியுமா? ஆடி பிறந்த கையோடு! புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாப்பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கிற மாசத்தில் இவன் ஜோடியாகத் தீவுக்குப் போகிறானாம். தேதி பார்த்தவன் மாசம் பார்க்கவில்லை.

தறிக்கொட்டகைக்கு வந்து என் காதோரம் சொன்னான். "நைனா, அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." நான் திறக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன், தறி ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாக: "இன்னாடா, ஹனிமூனா? அந்தமானுக்கா? ஆடியிலயா?" ஹனிமூன் வரைக்கும் தறி ஓடியது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றது. அந்தமானும் ஆடியும் மட்டும் தனியாகப் போய் எல்லார் வீட்டு வாசலிலும் நின்றன. கரண்ட் போனதற்கு நானா பொறுப்பு, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை குழம்புக் கரண்டியோடு ஓடிவந்தாள். "ஆடியில சேந்தா சித்திரையில பொறக்கும். அந்த வெயில கொழந்த தாங்குமா, நான் தாங்குவனா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கடலுக்கு அந்தாண்ட ஆடி செல்லுமா செல்லாதா என்று யாரையாவது கேட்போமே என்று கிளம்பி, மனசு பாரம் தாங்காமல் மெக்கானிக் உசேன் கடையில் உட்கார்ந்து கொஞ்சம் சொன்னேன். உசேன் தங்கமான மனுஷன். "புள்ளைங்க போய்ட்டு வரட்டும், வுடுங்கண்ணே" என்றார். ஆனால் அங்கே பஞ்சர் ஒட்ட வந்து நின்றவர் சம்பந்தி ஊரான அம்மையார்குப்பத்துக்காரர் என்று எனக்கு எப்படித் தெரியும்? பொழுது சாயும் முன்னே சம்பந்தியம்மா மணியம்மை பூவும் பழத்தட்டுமாக ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். வாசலில் நின்றே ஆரம்பித்தார்: "எம்பொண்ண அனுப்பி வெய்ங்க!"

"அனுப்ப மாட்டோம்னு இங்க யாரு சொன்னது?" என்று உங்கள் தங்கை பாய்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. "போயேதான் ஆவணும்னா போவட்டும், எம்பொண்ணுகூட ஒரே ரூம்ல நான் படுத்துக்கறேன்" என்றார் மணியம்மை. இவள் விடுவாளா? "அப்ப எம்புள்ளகூட நான்!" ஆக தேனிலவுக்கு இரண்டு அறை, ஒன்றில் அம்மாவும் பிள்ளையும், இன்னொன்றில் அம்மாவும் பெண்ணும். சமுத்திரமே பார்த்திராத என் நகரி அத்தை, "நேனு கூடா வஸ்தானு", நானும் வருவேன் என்று தெலுங்கில் சொல்லித் துணிப்பையைத் தூக்கிவிட்டாள். இதற்கு நடுவே இன்னொரு கட்சி, ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்துவருகிற ஜனமெல்லாம் நம் வீட்டில்தானே பாய் விரிக்கும், பிள்ளை தீவில் இருந்தால் அத்தனை பேருக்கும் தண்ணி யார் தூக்குவது என்கிறது. சக்திவேல் எழுந்துபோய் மலைப்படியில் உட்கார்ந்துகொண்டான். எனக்கா, தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம் பாவா. நேற்று கவிப்பிரியா எனக்குச் சோறு போட வந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இன்னாம்மா என்றேன். "ஒண்ணுமில்ல மாமா. கல்யாணம் ஆனதுலேருந்து அவுருகூட தனியா ஒரு டீ கூட குடிச்சதில்ல. யாராவது பக்கத்துல ஒக்காந்துகினே கீறாங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிவிட்டுப் போனது. அந்த யாராவது முக்கால்வாசி நேரம் நான்தான்.

உங்கள் தங்கை நான் சொன்னால் கேட்கமாட்டாள், முருகன் வந்து சொன்னாலும் யோசித்துச் சொல்கிறேன் என்பாள், நீங்கள் சொன்னால் மட்டும் "ஆங், சரிண்ணா" என்பாள். ஆகவே கடிதம் கண்டதும் போன் போட்டு, புள்ளைங்கள அனுப்புடி என்று ஒரு அதட்டு அதட்டவேண்டும். நான் எழுதியதாக மட்டும் மூச்சு விடாதீர்கள்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் படிப்பும் பல்லும் நன்றாக வளர தணிகைமலையான் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு,
பூபாலன்

பி.கு.: இதைத் தபாலில் போடச் சட்டைப்பையில் வைத்தவன் மறந்தே போனேன். இன்று ஆனி கடைசி நாள். காலையில் மணியம்மை கார் வைத்துக்கொண்டு வந்து பெண்ணை அழைத்துப் போனார். தெருவே பார்க்க உங்கள் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வுட்டுட்டு வரேன் என்று சக்திவேலும் ஏறினான். மத்தியானம் வரை பிள்ளையைக் காணோம். தேடிப் போகலாம் என்று சட்டையை மாட்டினால், இவள் கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறாள், கார் அம்மையார்குப்பம் போகவேயில்லையாம், நேராகச் சென்னைக்காம், விடிந்தால் விமானமாம். வாசலில் நடந்த சண்டைகூட இவளும் மணியம்மையும் பேசி வைத்துக்கொண்டு தெருவுக்காகப் போட்டதாம்! "அப்போ சித்திர வெயிலு?" என்றேன். "ஏ.சி. போட்டுக்கலாம். நம்ம கல்யாணத்து ஆடில நான் எங்கம்மா வீட்ல அழுதுகினே கெடந்தேன். நீங்க எட்டிக்கூட பாக்கல. அந்தப் பொண்ணுக்கு அது வோணாம்" என்றாள். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

ஆகையால் போன் செய்யவேண்டாம். யார் கேட்டாலும் கவிப்பிரியா ஆடிக்குத் தாய்வீட்டில் இருக்கிறாள். நீங்களும் அப்படியே நம்பிக்கொள்ளுங்கள். உசேனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், கடையில் அப்போது நாலு பேருக்கு மேல் இல்லை.