விசாரணை நானாவின் காணி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஆனாலும் விசாரணை நானாவைப் போல விருந்தாளிகளைப் பட்டினி போட்டவர் கற்பிட்டிக் கரையிலேயே இல்லை.

எங்கள் கல்யாண விருந்தில் ஆறு பேர் ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆலங்குடாவில் மூத்தவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்போம். மூத்தவரான நானாவோ கை வைக்காமல் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

"தம்பி, இந்த ஆடு எந்தச் சல்லியில வந்த?"

"நானா, இது கலியாண ஊடு, கோர்ட்டு இல்ல!"

"அடுத்தவன்ட பொருள அநியாயமாத் தின்னாதீங்க எண்டு குர்ஆன்ல இருக்குதானே? சொல்லுங்க."

நெய்ச்சோறு ஆறிக் கட்டியாகும். அவருடைய சஹனில் உட்கார ஆளில்லாமல் என்னைத்தான் பிடித்துத் தள்ளுவார்கள். எனக்கு மறுத்துப் பேச வராது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னார் முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்தவர் அவர். யுத்தம் முடிந்ததும் ஊர்க் காணியைத் திரும்பப் பெற ஓர் அதிகாரியின் கையெழுத்து தேவைப்பட்டது. அதிகாரிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுத்தார்கள். நானா அதிகாரியின் கந்தோருக்குள் நின்றே சத்தம் போட்டார்.

"லஞ்சம் குடுக்கிறவனுக்கும் சாபம், வாங்கிறவனுக்கும் சாபம்! ரசூலுல்லா சொன்ன!"

வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். அதிகாரி அடுத்த மாதம் வரச் சொன்னார். அந்த அடுத்த மாதம் வருடக்கணக்காக நீண்டது.

அவருடைய மனைவி பீவி ராத்தா, ஒழுகும் தகரக் கொட்டிலில் நோயோடு கிடந்தார். "மௌத்தாக முந்தி மன்னார்ல எண்ட ஊட்டு முத்தத்தில ஒருக்கா இருக்கோணும்" என்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

ஒருநாள் கையெழுத்து கிடைத்தது. தான் போட்ட சத்தத்துக்கு அதிகாரி பயந்துவிட்டார் என்றே நானா நம்பினார். எங்களை விருந்துக்குக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக உடனே சஹனில் கை வைத்தார்.

"என்ன நானா, இண்டைக்கு விசாரணை இல்லியா?" என்று சோடாக் கடைக்காரர் சீண்டினார். "இந்தக் காணி எப்படி வந்த?"

நானா விழுந்து விழுந்து சிரித்தார். "புள்ள, இவனுக்குச் சொல்லு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"எண்ட தம்பி புடிச்ச நண்டு... ஒரு பெட்டி. நான்தான் கந்தோர் ஐயாட ஊட்டுக்கு அனுப்பின."

நானாவின் கை சோற்றிலேயே நின்றது.

"எனக்காகவா குடுத்த?"

"இல்ல. எனக்காக. அல்லாஹ்ட்ட நானே பதில் சொல்லுவன்."

அவர் ராத்தாவை ஏசவில்லை. எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர், வாளியருகே வெகுநேரம் குனிந்தே நின்றார். அவர் தோளில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு அந்தத் துணிவும் வரவில்லை.

மறுநாள் நானா ராத்தாவின் பையைத் தூக்கிக்கொண்டு புத்தளம் வரை போனார். மன்னார் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார்.