மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மண்

பொன்னுரங்கம் வயலில் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு சிட்டிகை. அதுவும் கரித்தது.

கடலோரக் கிள்ளை ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்த ஒன்றரை ஏக்கரில் சுனாமித் தண்ணீர் ஏறி இறங்கி மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து உப்பிலும் வளரும் உமரிச் செடியைத் தவிர அங்கே எதுவும் முளைக்கவில்லை. அந்த நிலத்தைத்தான் மகள் மலர்க்கொடிக்குச் சீராகத் தருவதாகச் சொல்லியிருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணியன், "பொண்ண புடிச்சிருக்கு. நெலத்து மண்ண கடலூர்ல டெஸ்ட் பண்ணி ஒரு சீட்டு வாங்கிடுங்க. அத பாத்துட்டு தேதி குறிக்கலாம்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம் அவர்.

மாப்பிள்ளை சபேஷுக்கு சிப்காட்டில் வேலை. சிரித்த முகம். முன்பு வந்த இடங்களுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய மலர்க்கொடி, "எனக்கு அவர புடிச்சிருக்குப்பா" என்று இந்த முறை வாய்விட்டே சொல்லிவிட்டாள். உப்பு மண்ணால் இந்தச் சம்பந்தம் கெட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பொன்னுரங்கத்துக்குச் சோறே இறங்கவில்லை.

"மாமா, மண்ணுல பேரா எழுதியிருக்கு?" என்றான் மனைவியின் தம்பி அருள்முருகன். "லால்பேட்ட பக்கத்துல நம்ம வயல்லேர்ந்து ஒரு பை அள்ளியாறேன். அத குடுத்துடுங்க."

அள்ளி வந்தான். பொன்னுரங்கத்தின் மனைவி மாலதி அதை முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்கி, துவைத்த மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்தாள். போகிற இடத்தில் மானம் போகக்கூடாது அல்லவா?

முடிவு பிரமாதமாக வந்தது. நெல், கரும்பு, வாழை எது வைத்தாலும் வருமாம். பொன்னுரங்கம் உடனே சுப்பிரமணியனுக்கு போன் போட்டார்.

"உப்பே இல்லீங்க! தங்கமான மண்ணுங்க!"

மறுமுனையில் சுப்பிரமணியனின் குரல் சுருதி இறங்கியது.

"அப்படியா... எங்கியோ தப்பு நடந்திருக்கும் போலருக்கே. மண்ணு டெஸ்ட் பண்ற வண்டி வெள்ளிக்கிழம உங்க ஊருக்கு வருதாம். நாங்களும் வர்றோம். நேர்லயே எடுத்துப் பாத்துடலாம்."

பொன்னுரங்கம் போனை வைத்துவிட்டு அருள்முருகனிடம் ஓடினார். "மச்சான், கண்டுபுடிச்சிட்டாங்கடா!"

"பதறாதீங்க மாமா. பையில வந்த மண்ணு டிராக்டர்ல வராதா?"

வந்தது. ஆனால் டிராக்டரில் மலையாகத் தெரிந்த மண், மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு நிரப்பியபோது நாலு திட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மிச்ச வயலெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"ஆபீசர் வேற எடத்துல தோண்டிட்டா?"

"எரு கொட்டி வச்ச எடத்துல அவுங்க மண்ணு எடுக்க மாட்டாங்க மாமா. அது ரூலு."

பொன்னுரங்கம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்த எரு முழுக்க வண்டி வண்டியாக வயலுக்கு வந்து, அந்த நாலு திட்டை மட்டும் விட்டுவிட்டு மிச்ச இடமெல்லாம் குவிந்தது. "பொண்ணு கல்யாணம்னா பந்தல் போடுவாங்க. இவரு எரு போடுறாரு!" என்று தெருவே சிரித்தது. மாலதி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சுப்பிரமணியனும் அவர் மனைவி தர்மாம்பாளும் சபேஷும் வந்தார்கள். பட்டுப்புடவையோடு வரப்பிலிருந்து இறங்கிய தர்மாம்பாளின் முதல் அடியே சாணத்தில்தான் விழுந்தது.

வண்டியோடு வந்த ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு வயலைச் சுற்றினார். "எங்கய்யா தோண்டுறது? எங்க பாத்தாலும் எருவா இருக்கு!"

"இதோ இங்க காலியா இருக்கு சார்! அங்கயும் இருக்கு!" அருள்முருகன் பந்தியில் இடம் காட்டுவதுபோல ஓடி ஓடிக் காட்டினான்.

ஆபீசர் நாலு திட்டிலும் குழி வெட்டி மண் எடுத்தார். வண்டிக்குள் போய்த் தண்ணீரில் கலக்கி, மீட்டரை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஆச்சரியம்.

"உப்பே இல்லீங்க. கடலோரத்துல இப்படி ஒரு மண்ண நான் பாத்ததே இல்ல. அருமையான வெளச்சல் நெலம்னு எழுதியே குடுத்துடுறேன்!"

பொன்னுரங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்ப நம்புறீங்களா? தேதி குறிச்சிடலாங்களா?"

சுப்பிரமணியன் முகம் தொங்கிப்போயிருந்தது. சபேஷின் சிரிப்பையும் காணோம்.

"நாங்க வேற எடம் பாத்துக்குறோங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் சுப்பிரமணியன்.

"ஏங்க, மண்ணு நல்லாருக்குன்னுதானே சொன்னாரு! எம்பொண்ணு ஆசையா இருக்குங்க!" பொன்னுரங்கம் குறுக்கே போய் நின்றார்.

காலில் ஒட்டிய சாணத்தை வரப்பில் தேய்த்துக்கொண்டிருந்த தர்மாம்பாள் நிமிர்ந்தாள்.

"எம்புள்ள வேலய வுட்டுட்டு எறால் பண்ண வைக்கப் போறான், வெளையாத உப்பு நெலம்னு சீட்டு இருந்தாத்தான் லைசென்ஸ் தருவாங்களாம், அதான் இந்தப் பக்கத்துல யாரு நெலத்துல உப்பு ஜாஸ்தின்னு விசாரிச்சுட்டு உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டே வந்தோம்!"