கோர் ஃபைலுக்குத் தீட்டு

உலகத்தின் எந்த மூலையில் எந்தப் புரோகிராம் செத்து விழுந்தாலும் அதை உயிரோடு எழுப்பும் வல்லமை, 2004-ஆம் ஆண்டில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பெரம்பலூருக்கும் பாடாலூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரம் இருந்த எங்கள் கல்லூரியின் லேப் அசிஸ்டென்ட் குருநாதன். இதைச் சொன்னவரும் குருநாதன்தான். நம்பியது மூன்று டிபார்ட்மென்ட்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். அரியலூர்ப் பையன்கள் ரெண்டு பஸ் மாறி வந்தார்கள். ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையிலிருந்து ஒருத்தர், வெள்ளையாய்த் தூசி படிந்த சிபியூவையே பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். லேப் வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, திருச்சி பஸ்ஸில் போன ஓர் அம்மா ஜன்னல் வழியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நோய் என்னவென்றால், நாம் எழுதும் புரோகிராமை வரிவரியாகப் படித்து மெஷினுக்கு எடுத்துச் சொல்ல இன்டர்பிரட்டர் என்று ஒன்று உண்டு. துபாயில் நம்ம ஊர் ஆளுக்கும் அரபி முதலாளிக்கும் நடுவில் நின்று பேசுகிறவர் மாதிரி. அவர் பாதிப் பேச்சில் மயங்கி விழுந்தால், திரையில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரு வரி வரும். கூடவே ‘கோர்’ என்று ஒரு ஃபைல் வந்து விழும். விழுந்த நொடியில் அவர் எந்த வேலையில் இருந்தார் என்பதெல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும்.

இது இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது குருநாதன் சொன்னது மட்டும்தான்.

“அது பொணம்டா. கண்ணால பார்க்கக் கூடாது. விழுந்ததும் டிலீட் பண்ணிட்டு, பைப்புல கையைக் கழுவிட்டு வா.”

கழுவினோம். இன்ஜினியரிங் படிக்க வந்த அறுபது பேர், வரிசையில் நின்று, சாட்சியை அழித்துவிட்டுக் கையைக் கழுவினோம். சோப்பு போட்டவர்களும் உண்டு. நான் லைஃப்பாய்.

அப்புறம் பூஜை. மானிட்டருக்குச் சந்தனம், எஸ்கேப் கீ மேல் எலுமிச்சம்பழம். பெயர், நட்சத்திரம், ‘என்ன விடை வர வேண்டும்’ மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எல்லாரும் வெளியே போய், கிழக்கே பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நூற்றியெட்டு தடவை “ரன்... ரன்... ரன்...” என்று சொல்ல வேண்டும். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு குருநாதன் மட்டும். கண்ணைத் திறந்தால் புரோகிராம் ஓடியிருக்கும். கேட்ட விடை அப்படியே திரையில் நிற்கும்.

குருநாதன் மதம் பார்க்காதவர். எங்களோடு படித்த லப்பைக்குடிக்காட்டு அத்னானுக்குச் சந்தனத்துக்குப் பதில் அத்தர். அவன் வாப்பா சவுதியிலிருந்து அனுப்பிய கோடாலித் தைலம், டாங் பவுடர், டார்ச் லைட் எல்லாவற்றையும் குருநாதன் ஒரே சமமான அன்போடு வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்.

இந்த அமைதியைக் கெடுக்க வந்தவள் ஜெயசித்ரா. ஊர் குன்னம். சுற்று வட்டாரத்துச் சின்ன வெங்காய வரத்துக் கணக்கை ஊர்வாரியாக வரிசைப்படுத்தி மொத்தம் சொல்வது அவளுடைய ஃபைனல் இயர் புரோகிராம். முந்நூறு வரி. ஓட்டினால் விழுந்தது. மறுபடி ஓட்டினால் மறுபடி விழுந்தது. வெள்ளிக்கிழமை வைவா. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் அவரே எண்களைக் கொடுத்து ஓட்டச் சொல்வார். விழுந்தால் ஆறு மாசம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. ஜூனில் சேரச் சொல்லிச் சென்னைக் கம்பெனி ஒன்று கொடுத்த வேலை அதற்குள் கை நழுவிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கேட்டாள்: “சார், அந்த கோர் ஃபைலைத் தொறந்து பார்க்கலாங்களா?”

குருநாதன் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, நீ பொணம் அறுக்குற வேலைக்கா படிக்க வந்த? தொறந்தீன்னா ஏழு ஜென்மத்துக்கு உனக்கு கம்பைல் ஆகாது.”

“இது கம்பைலே ஆகாதுங்க சார். மொத்தமா மாத்தாம வரிவரியாப் படிக்கிற இன்டர்பிரட்டர்.”

“பூஜைக்குச் சீட்டு எழுதும்மா” என்றார் குருநாதன். ஞானிகள் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

அவளும் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்தோம். நூற்றியெட்டு ரன். அத்னான் நூற்றிப்பத்து சொன்னான், சேதாரத்துக்கு.

கதவு திறந்தது. திரையில் பெரிய எழுத்தில்: மொத்த வரத்து, மைனஸ் ஏழே கால் மூட்டை.

கைதட்டல் என்றால் காது கிழிந்தது. “மாஷா அல்லாஹ்! ஓடிருச்சு!” என்று குதித்தான் அத்னான்.

“சார்,” என்றாள் ஜெயசித்ரா, “மைனஸ் ஏழே கால் மூட்டை வெங்காயம்னா எப்படிங்க இருக்கும்?”

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

“அது... வந்த வெங்காயம் திரும்பிப் போயிருக்கும்மா.”

“அந்த விடையை நாந்தாங்க சார் சீட்டுல எழுதினேன். வேணும்னே தப்பா.” சொல்லிக்கொண்டே புரோகிராமைத் திறந்தாள். அவளுடைய முந்நூறு வரியைக் காணோம். ஒரே ஒரு வரி இருந்தது: ‘மொத்த வரத்து, மைனஸ் ஏழே கால் மூட்டை’ என்று அச்சிடு.

அவ்வளவுதான் அற்புதம். சீட்டில் கேட்டதை டைப் அடித்துக் காட்டுவது.

எல்லாரும் அவரவர் புரோகிராமைப் பார்க்க ஓடினோம். அத்னானின் லைப்ரரி புரோகிராம், புத்தகத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் ‘ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு’ என்றது. பெயரைக் கேட்டாலும் அதையே சொன்னது. அவன் கொடுத்த டார்ச் லைட்டையாவது திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தான்.

“உங்கள்ல ஒருத்தர் நட்சத்திரமும் இந்த மெஷினுக்குச் சரியில்லை” என்று சொல்லிவிட்டு குருநாதன் டீ குடிக்கப் போனார்.

மோசடி செத்தது. ஆனால் ஜெயசித்ராவின் புரோகிராமும் செத்துத்தான் கிடந்தது. ஃபிளாப்பியிலிருந்த நகலை எடுத்து ஓட்டினாள். விழுந்தது. இந்தத் தடவை அவள் கையைக் கழுவவில்லை. பிணத்தைத் திறந்தாள். மூன்று பெஞ்ச் தள்ளி நின்ற அத்னான் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டான். நாற்றம் ஒன்றும் வரவில்லை. வரிசைப்படுத்தும் வேலையில் இருக்கும்போது விழுந்தேன் என்று ஃபைல் மணி மணியாகச் சொன்னது.

அப்புறம் புரோகிராமில் பாதியை வெட்டினாள். ஓட்டினாள். விழுந்தது. “சூப்பர்! அப்போ தப்பு மிச்சப் பாதியிலதான் இருக்கு” என்றாள். மறுபடி பாதி. விழுந்தது. “ஆகா!” விழ விழச் சந்தோஷப்படும் ஒரு ஜீவனை அன்றுதான் பார்த்தோம். முந்நூறு வரி கடைசியில் ஆறு வரியாயிற்று. ஆறும் விழுந்தது. காரணம் பளிச்சென்று நின்றது.

“ஊர்களை வரிசைப்படுத்திக்கிட்டு இருக்கும்போதே, வரத்து பூஜ்ஜியமா இருக்குற ஊரை நடுவுலேருந்து தூக்கியிருக்கேன்” என்றாள். “ரேஷன் கடையில ஆளை எண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தனை இழுத்துட்டுப் போனா எண்ணுறவன் என்ன ஆவான்? ஆனா அதுக்காக இன்டர்பிரட்டர் மயங்கி விழக் கூடாதுல்ல? ‘இப்படிச் செய்யாதே’ன்னு சொல்லணும். அது இந்த மொழியைச் செஞ்சவங்க தப்பு. அவங்களுக்கே எழுதிப் போடுறேன்.”

குருநாதன் டீக்கடையிலிருந்து வந்துவிட்டார். சிரி சிரி என்று சிரித்தார். “வெள்ளைக்காரனுக்கு லெட்டரா? ‘ஐயா, உங்க மொழி கீழ விழுந்துருச்சு, வந்து தூக்குங்க’ன்னா? வெட்கமா இல்ல?”

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெயில் போட்டாள். எந்த வெர்ஷன், எந்த மெஷின், இந்த ஆறு வரி, என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. நட்சத்திரம் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை பதில் வந்தது. நாலே வரி. எங்கள் தப்புதான், அடுத்த வெர்ஷனில் சரி செய்கிறோம், அதுவரை முதலில் நீக்கிவிட்டு அப்புறம் வரிசைப்படுத்துங்கள், ஆறு வரியாகச் சுருக்கிக் கொடுத்ததற்கு நன்றி.

வெள்ளிக்கிழமை எக்ஸாமினர் வேண்டுமென்றே நாலு ஊருக்குப் பூஜ்ஜியம் கொடுத்துப் பார்த்தார். ஓடியது. ஒரு மூட்டைகூட மைனஸில் போகவில்லை. ஜூனில் அவள் சென்னைக்குப் போவது உறுதியாயிற்று.

நம் மக்கள் லேசுப்பட்டவர்களா? திங்கட்கிழமையே செருப்புக் குவியல் அவள் வகுப்பு வாசலுக்கு இடம் மாறியது. அத்னான் ஒரு புது கோடாலித் தைலத்தோடு முன்னால் நின்றான்.

“சித்ரா, என் புரோகிராம் மேல ஒரே ஒரு தடவை கையை வச்சுக் குடு.”

“உன் கையை எடுத்து உன் மண்டையில வை. முதல்ல அது ஓடுதான்னு பாரு.”

அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரம். லேப் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. எட்டிப் பார்த்தேன். சந்தனம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. குருநாதன் தானே எழுதிய அட்டெண்டன்ஸ் புரோகிராம் விழுந்து கிடந்தது. கோர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதியை வெட்டி, ஓட்டி, மறுபடி பாதியை வெட்டிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் இன்னொரு ஜன்னலில் ‘டியர் சார்’ என்று ஒரு மெயில் பாதியில் நின்றது.

“என்ன சார், பூஜையா?”

திரையை உடம்பால் மறைத்தார். “சத்தம் போடாதடா” என்றார் மெதுவாக. “வெர்ஷன் நம்பர் எங்க போட்டிருக்கும்னு மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லாதே.”