பிரபு வாங்கிக்கொண்ட தட்டு

கேட்டி, டெக்சஸ்

பெருந்துறை மச்சான் அவர்களுக்கு, சேனாபதி கும்பிட்டு எழுதுவது. நானும் உங்கள் தங்கை சாந்தியும் சௌக்கியம். உங்கள் ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். வாட்ஸப்பில் போட்டால் காங்கேயம் வரை பரவிவிடும் என்பதால் கூரியர்.

நம் பெண் எழிலரசி, கூட வேலை பார்க்கும் ஓவன் என்கிற வெள்ளைக்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்கிறாள். ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்று நான் மறுத்துவிட்டேன். அவன் அப்பா வேல்ஸ் நாட்டுப் பிரபு, பாரிஸ்டர், சும்மா பார்த்துப் பேச வருகிறார் என்றாள். பிரபு என்றால் நம் பக்கத்துப் பட்டக்காரர் மாதிரிதானே, அப்பனுக்குப் பின் மகனுக்குப் பட்டம்! சாரட்டே வரும் என்று டிரைவ்வேயில் நின்ற காரையெல்லாம் நகர்த்தினேன். மனுஷன் வாடகைக் காரில் வந்து இறங்கி, வாசலில் ஷூவைக் கழற்றினால் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. பட்டத்தோடு வந்தது ஒழுகுகிற கூரையும் கொஞ்சம் செம்மறியும்தானாம். பார்லிமென்டில் இருந்த பரம்பரை நாற்காலியும் போய்விட்டதாம். கோர்ட்டில் குதிரைமயிர் டோப்பா மாட்டி வாதாடித்தான் கூரைக்கு ஓடு மாற்றினாராம். காபி ஆறும் வரை என்னோடு ஆட்டுக் குளம்பு நோயைப் பற்றியே பேசினார். கல்யாணப் பேச்சே இல்லை, எனக்கு நிம்மதி.

கிளம்பும்போதுதான் வந்தது வினை. "ஏனுங்க, வந்தவிங்கள வெறுங்கையோடவா அனுப்பறது?" என்று சாந்தி, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்த தட்டை என் கையில் திணித்தாள். நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கியவர், காருக்கு ஓடி, தன் மனைவி சுட்ட கேக்கை ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். நானும் வாங்கித் தொலைத்தேன்!

"அப்பா, தட்டு மாத்தியாச்சு! இட்ஸ் டன்!" என்று எழிலரசி குதித்தாள். நம் வழக்கத்தில் அதுதானே நிச்சயம்? சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். பிரபுவிடம் முறையிட்டால், "நீங்கள் கொடுத்தீர்கள், நான் ஏற்றேன். எங்கள் சட்டத்திலும் ஒப்பந்தம் இப்படித்தான்" என்கிறார்.

ஆகவே மச்சான், தாய்மாமன் நீங்கள் இல்லாமல் மாற்றிய தட்டு செல்லாது என்று உடனே ஒரு வரி எழுதுங்கள். என் மானம் உங்கள் பேனாவில் இருக்கிறது. அக்காவுக்குக் கும்பிடு, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சேனாபதி

பி.கு.: உறையை ஒட்டுமுன் எழிலரசி இதைப் படித்து, பிரபுவுக்கு கால் பண்ணிவிட்டாள். "உன் அப்பா சொல்வதே சரி. தாய்மாமன் இல்லாத நிச்சயம் செல்லாது. பெருந்துறைக்கே போய் அவர் முன்னிலையில் மாற்றுவோம்" என்று தீர்ப்பாம். தை மாதத்துக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. உங்களுக்கு இத்தனை மரியாதை நான்கூடக் கொடுத்ததில்லை மச்சான். மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது. அந்த ஒரு வரி வேண்டாம், மண்டபம் பாருங்கள். இந்தத் தடவை தட்டை நானாகவே நீட்டுகிறேன்.