ஸ்வெட்டருக்குள் மஞ்சுளா

வருங்கால மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். நானும் அப்படிப் போகவில்லை. ஒரு கையில் பழக்கூடை, இன்னொரு கையில் இனிப்புப் பெட்டி, வயிற்றோடு சேர்த்துக் கட்டிய சால்வைக்குள் ஒரு பல்லி. பழமும் இனிப்பும் அன்றைக்கே தீர்ந்துவிட்டன. பல்லி விவகாரம் இன்றுவரை தீரவில்லை.

அப்போது நான் மொன்ட்ரியல் தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தில் மண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலி. (எங்கள் ஊரில் பல்லியை யாரும் வளர்ப்பதில்லை. அது தானாக வளரும், நாம்தான் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டும்.) ஆய்வகத்தில் என்னோடு இருந்த பிரேசில் மாணவர் ஒருவர், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது கண்ணாடித் தொட்டியும் பல்லியுமாக வந்து நின்று, அதை யார் தலையிலாவது கட்டப் பார்த்தார். மற்ற எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுபோல் நடித்தார்கள். எனக்கு நடிக்க வராது.

அது சிறுத்தைப் பல்லி. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். நம் வீட்டுப் பல்லி மாதிரி சுவரேறத் தெரியாது. பதிலுக்குக் கடவுள் அதற்கு இமை கொடுத்திருக்கிறார். நாம் ஏதாவது சொன்னால், யோசித்துப் பார்க்கிறேன் என்பதுபோல மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். மஞ்சளாக இருந்ததால் மஞ்சுளா என்று பெயர் வைத்தேன். வறண்ட பூமியில் பிறக்கவேண்டிய ஜீவன் அது. சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, நோயில் விழுந்துவிடும் என்று பிரேசில்காரர் விமானம் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். சூடு ஒருநாளும் குறையாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். (இதை என் அம்மா ‘பிடிவாதம் பிடிச்ச கழுதை’ என்று வேறு மாதிரிச் சொல்வாள்.) தொட்டிக்கு அடியில் மின்சாரச் சூட்டுத் தகடு, மேலே விளக்கு, பக்கத்தில் வெப்பமானி. குளிர்காலத்தில் அதே அறையில் நான் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மூக்குறிஞ்சியபடி படிப்பேன். மஞ்சுளா கடற்கரைக்கு விடுமுறை வந்த பணக்காரி போலக் கல்மேல் மல்லாக்க மட்டும் படுக்காத குறையாகக் கிடப்பாள்.

இந்த வாழ்க்கையில் செந்தூரன் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் ஒரே பிள்ளை, அதே தீவில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளர்ந்தவர். ஒரு பொங்கல் விழாவில் அறிமுகமாகி, காப்பி குடிக்கப் போய், கல்யாணம்வரை பேசிவிட்டோம். மஞ்சுளாவை அவருக்கும் பிடிக்கும். ஆனால் அவர் அம்மாவுக்குப் பல்லி என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பெல்லாம் கூசுமாம். சின்ன வயதில் அம்மாவின் தலையில் ஒரு பல்லி விழ, பஞ்சாங்கத்தைப் பார்த்த யாரோ ஏதோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அதனால், “கலியாணம் முடியட்டும், பேந்து ஆறுதலாச் சொல்லுவம்” என்பது செந்தூரனின் திட்டம். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு என்னை அழைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய மாலையில் உறைமழை பிடித்தது. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகும் மழை. காலையில் மரமெல்லாம் பளிங்குக் கொப்போடு வளைந்து நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகில் ஒரு கிளை ஒடிந்து மின்கம்பியில் விழுந்து, எங்கள் தெருவே அணைந்துபோனது.

எங்கள் கட்டடத்தில் அடுப்பு, சுடுதண்ணீர், அறைச் சூடு எல்லாமே மின்சாரம். வெப்பமானி இறங்க ஆரம்பித்தது. தொட்டியைப் போர்வையால் சுற்றினேன். என் ஒரே நல்ல குளிர்ச் சட்டையையும் அதன்மேல் போட்டேன். பிரயோசனமில்லை. போர்வை சூட்டைப் பிடித்துவைக்கும், உண்டாக்காது. (இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை, ஆனால் எனக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது.) மஞ்சுளாவின் மஞ்சள் மங்கி, சாம்பல் பூத்த மாதிரி ஆனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் சிமிட்டவில்லை.

அந்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே சூடேற்றி நான்தான் என்பது அப்போது உறைத்தது. ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து மஞ்சுளாவை உள்ளே விட்டேன். அதை வயிற்றில் வைத்து, சால்வையை இடுப்போடு சுற்றிக் கட்டினேன். அதன்மேல் தொளதொள சுடிதார், அதற்கும் மேல் பெரிய ஸ்வெட்டர். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சின்னக் கால் உதைத்தது. அந்த உதையில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல!

காரின் பனிக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டிக் களைத்துப்போய் வந்த செந்தூரன் என்னைப் பார்த்ததும் சுரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, பக்கத்து வீட்டில் விடலாமா என்றார். பக்கத்து வீட்டிலும் இருட்டு. சரி, டப்பாவில் போட்டுக் காரில் விடலாமா என்றார். நிறுத்தின கார் ஒரு குளிர்பெட்டி என்றேன்.

“கோமதி, அம்மா கண்டால் மயங்கி விழுந்திடுவா. நீர் விளங்காமல் கதைக்கிறீர்.”

“மஞ்சுளா வரலைன்னா நானும் வரல. உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க.”

அவர் கார் கதவைத் திறந்துவிட்டார்.

செந்தூரனின் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். குளிரில் வந்த பிள்ளை என்று வீட்டைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருந்தார். மேலங்கியைக் கழற்றினேன். ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னார். “இல்ல ஆன்ட்டி, எனக்குக் குளிருது” என்றேன், நெற்றியில் வியர்வை வழிய.

உட்காரும்போது மஞ்சுளா நசுங்கிவிடக் கூடாதே என்று சோபாவைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. உள்ளே நெளிந்தால் தட்டிக் கொடுத்தேன். செந்தூரனின் அப்பா மண் ஆராய்ச்சியைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மஞ்சுளா விலாப்பக்கம் ஒரு திரும்பு திரும்பினாள். நான் துள்ளிவிட்டேன். என்ன என்று எல்லோரும் பார்க்க, லேசாக அசைந்த மாதிரி இருந்தது என்று உளறி, அவசரமாக, சோபாதான் என்று சேர்த்துக்கொண்டேன். அம்மாவின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் கையில் நின்றது. நறுக்கிய அன்னாசி வந்தது. சால்வை இறுக்கியதில் எதுவும் இறங்காது போலிருந்ததால் வேண்டாம் என்றேன். அப்போதும் பார்த்தார்.

சூட்டில் தலை சுற்ற ஆரம்பித்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முகம் கழுவி, ஸ்வெட்டரைத் தூக்கிக் காலுறையைச் சரிபண்ணி, “கொஞ்சம் பொறுத்துக்கோ மஞ்சுளா. அவங்களுக்கு இன்னும் சொல்லல. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீ ஒளிஞ்சிருக்க வேண்டாம்” என்று சமாதானம் சொன்னேன். கதவைத் திறந்தால், கையில் துவாயோடு அம்மா நிற்கிறார்.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது மேசையிலிருந்த அன்னாசியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு கோப்பை சூடான பால் இருந்தது. என் முதுகுக்கு ஒரு தலையணை வந்தது. பனிக்கட்டி உருக வாசற்படிக்கு உப்புப் போடச் சொல்லி அம்மா செந்தூரனை வெளியே அனுப்பினார். அப்பாவை நிலவறையிலிருந்து தேங்காய்ப்பால் டின் எடுத்துவர அனுப்பினார். என்னை மட்டும் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

“பிள்ளை, எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. தம்பி ஒண்டும் சொல்லேல்லை. ஆனா ஸ்வெட்டருக்குள்ளை எவ்வளவு நாளைக்கு மறைக்கேலும்?”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெரிந்துவிட்டது, ஆனாலும் மயங்கி விழவில்லை. இவ்வளவு நல்ல மனுஷியையா செந்தூரன் அப்படிப் பயமுறுத்தினார் என்று நினைத்துக்கொண்டு, மன்னித்துவிடுங்கள், உங்களுக்குப் பிடிக்காது என்றுதான் சொல்லவில்லை என்றேன். பிடிக்காமல் என்ன, வந்தது வந்துவிட்டது, இனி நல்லபடி பார்க்க வேண்டியதுதான் என்று என் கையைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எத்தினை மாசம்?”

“மாசம் இல்ல ஆன்ட்டி. ரெண்டு வருஷம் ஆகுது.”

“ரெண்டு வருசமோ?”

“ஆமா. முதல்ல ஒரு பிரேசில் பையன்கிட்ட இருந்துச்சு. அவர் ஊருக்குப் போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டார்.”

அவர் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். “தம்பிக்கு இது தெரியுமோ?”

“தெரியும் ஆன்ட்டி. அவருக்கு ரொம்பப் பிரியம். புழுவெல்லாம் அவர்தான் வாங்கிட்டு வருவார்.”

“புழுவோ” என்றார். அது கேள்வியாகக்கூட வரவில்லை.

“பிள்ளை, நீங்கள் இப்ப என்னத்தைப் பற்றிக் கதைக்கிறியள்?”

“பல்லியப் பத்தி ஆன்ட்டி. நீங்க?”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். மேடாக இருந்தது. என் கை அதன்மேல் இருந்தது. அன்னாசி, பால், தலையணை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் மண்டையில் உட்கார்ந்தன. அப்போது என் உடம்பில் ஏறிய சூட்டை வைத்து சென்ட்-ஆன் முழுவதையும் சூடாக்கியிருக்கலாம்.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவர்கள் வாயால் விளக்கம் சொல்லியிருப்பார்கள். நான் ஆராய்ச்சிக்காரி, ஆதாரத்தைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அங்கேயே எழுந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, சால்வையை அவிழ்த்து, காலுறையை வெளியே இழுத்தேன். மஞ்சுளா தலையை நீட்டி, மாமியாரைப் பார்த்து நிதானமாக ஒரு தடவை கண் சிமிட்டினாள்.

அதே நொடியில் நிலவறைப் படியேறி வந்த அப்பா, தன் சமையலறையில் மருமகளாக வரப்போகிறவள் காலுறையிலிருந்து ஒரு புள்ளிப் பல்லியை உருவுவதைக் கண்டு, கையிலிருந்த டின்களைத் தவறவிட்டார். அவை ஒவ்வொன்றாகப் படியில் இறங்கி உருண்டன. அந்தச் சத்தத்துக்கு மஞ்சுளா வாலைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

வால் தரையில் விழுந்து துடித்தது. சும்மா துடிக்கவில்லை, சுழன்று சுழன்று ஆடியது. அம்மா கதிரையில் ஏறிவிட்டார். ஏறி நின்றுகொண்டு, “பல்லியப்பா! பல்லிதான்! முருகா, பல்லிதான்!” என்று கண்ணீர் வரச் சிரித்தார். பல்லியைக் கண்டு இவ்வளவு நிம்மதியடைந்த மனிதரை உலகம் பார்த்திருக்காது. உப்புப் பையோடு உள்ளே வந்த செந்தூரன், கதிரைமேல் அம்மாவையும், தரையில் ஆடும் வாலையும், அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற என்னையும் பார்த்தார். “நான் பேந்து வாறன்” என்று திரும்பி வெளியே போய்விட்டார். (இந்த மனிதரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.)

ஆமாம், நான் அழுதுகொண்டிருந்தேன். பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காலையிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த ஜீவன் என் கையிலேயே பாதியாகிப்போனது தாங்கவில்லை. சூடு குறையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே, சொன்னேனே என்று அதையே புலம்பினேன்.

கதிரைமேல் சிரிப்பு நின்றது. அம்மா அங்கிருந்தே, “அதுக்கு இப்பவும் குளிருதோ?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மெல்ல இறங்கினார். முழங்கால் வலிக்கு வைத்திருக்கும் சுடுதண்ணிப் பையை நிரப்பி, துவாயில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை நீள அகப்பையால் தள்ளித் தள்ளி என் பக்கத்தில் கொண்டுவந்தார். கிட்ட வர அவரால் ஏலவில்லை. ஆனால் தண்ணீர் ஆறும்போதெல்லாம் பையை மாற்றித் தந்தார். சாப்பாடு ஆறிப் போனது. புட்டுத் தின்னுமா என்று மட்டும் ஒரு தடவை விசாரித்தார்.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரச் சில நாளானது. செந்தூரன் தொட்டியைக் கொண்டுவந்து அம்மா வீட்டுக் கூடத்தில் வைத்தார். வெளிச்சம் வந்துவிட்டது, மஞ்சுளாவைக் கூட்டிப் போகிறேன் என்று நான் போய் நின்றபோது, காயம் ஆறாத சீவனை இந்தக் குளிருக்குள் ஏன் அலைக்கழிக்கிறீர்கள் என்று அம்மா என்னைக் கடிந்துகொண்டார். அதோடு மஞ்சுளா டொலார்ட் வாசியாகிவிட்டாள். வால் மறுபடி முளைத்தது, குட்டையாக, உருண்டையாக, கருணைக்கிழங்கு மாதிரி. இன்றைக்கும் அவர் அவளைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பமானியை என்னைவிடக் கறாராகப் பார்க்கிறார்.

கல்யாணமாகி மூன்றாம் குளிர்காலத்தில், நல்ல சேதி சொல்வதற்காக நானும் செந்தூரனும் அந்த வீட்டுக்குப் போனோம். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார், மாமி அடுப்படியில். நான் வெட்கப்பட்டு, தொண்டையைச் செருமி, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை ஒருவழியாகச் சொல்லிமுடித்தேன்.

மாமி அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

“சரியான சந்தோசம் பிள்ளை” என்றார். “முதல் அந்த ஸ்வெட்டரைக் கழட்டிக் காட்டு, பாப்பம்.”