ஆட்டுக்கு ராசி பார்த்த ஆர்.என்.ஏ. சித்தர்

வேப்பந்தட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே அன்று மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். செந்துறையிலிருந்துகூட ஆட்டைத் தூக்கிக்கொண்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் பேனரில் சிரித்துக்கொண்டிருந்த 'ஆர்.என்.ஏ. சித்தர்' ராஜதுரைக்காக. காவி வேட்டி, கையில் லேப்டாப். ஞானம் வந்தால் சார்ஜரும் கூடவே வரும் போலிருக்கிறது!

அந்தப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய் பரவியிருந்தது. மூக்கு ஒழுகும், வாய் புண்ணாகும், பேதியாகும், ஆடு சாயும். கால்நடை மருத்துவமனையில் அன்று மாலை வரை இலவசத் தடுப்பூசி. அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இலவச ஊசியில் சக்தி இருக்காது என்பது நம் மக்களின் ஆராய்ச்சி முடிவு.

"கம்ப்யூட்டர்ல தேடித் தேடி லட்சக்கணக்குல புது வைரஸ் கண்டுபிடிச்சிருக்காங்க. பேப்பர்ல படிச்சீங்களா இல்லையா?" என்றார் சித்தர். கூட்டம் தலையாட்டியது, ஆடுகளும் ஆட்டின. "அத்தனைக்கும் ராசி இருக்கு. ஒங்க ராசிக்கு ஏத்த வைரஸ்தான் ஒங்க ஆட்டுக்கு வரும். ஊசி போட்டீங்க, அதுக்குக் கோவம் வந்துரும்!"

வைரஸ் கண்டுபிடித்த செய்தி உண்மை. அந்த ஒரு உண்மையை முதலாகப் போட்டுத்தான் மிச்சப் பொய்யெல்லாம் விற்றுக்கொண்டிருந்தது.

காலையில் உள்ளூரில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் கொளஞ்சி தன் முறைக்குக் காத்திருந்து, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கருப்பு ஆட்டைக் காட்டினார். சித்தர் அதன் மூக்கில் பஞ்சைத் தடவிக் குப்பைக் கூடையில் போட்டார். கொளஞ்சியின் ராசியைக் கேட்டு லேப்டாப்பைத் தட்டினார்.

"மகர வைரஸ். கிழக்க பாத்துக் கட்டுங்க. ஊசி கூடாது."

கொளஞ்சியின் மகள் வெற்றிச்செல்வி லீவில் வந்திருந்தாள். வைரஸ்களின் மரபணு எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டு, எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது பெங்களூரில் அவள் வேலை.

"அப்பா, ஆடெல்லாம் இன்னும் நல்லாத்தான இருக்கு? இப்பவே ஊசி போடணும். நோவு வந்தப்புறம் போட்டு என்ன பண்றது?"

"சித்தர் வேண்டான்னுட்டாரும்மா. பட்டியே போயிடுச்சுன்னா சோத்துக்கு எங்க போறது?"

அந்தப் பயத்தைத்தான் அந்த ஆள் விற்கிறான். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் வாதாடவில்லை. அந்தச் சுட்டி ஆடு வாரத்துக்கு விட்ட ஆடு. உடைமைக்காரி பக்கத்துத் தெரு ரெங்கம்மாள், வளர்ப்பது கொளஞ்சி, குட்டியில் ஆளுக்குப் பாதி. நேரே ரெங்கம்மாளிடம் போனாள்.

"பெரியம்மா, ஆடு ஒங்களுதுதான? ஒங்க ராசிக்கும் ஒருதடவ பாத்துருவோம், வாங்க."

மத்தியானம் ரெங்கம்மாள் அதே ஆட்டோடு சித்தர் முன்னால் நின்றாள். கொளஞ்சியும் மகளும் கூட்டத்தில் நின்றார்கள். சித்தர் ஆட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தார்?

"ராசி?"

"சிம்மங்க."

"சிம்ம வைரஸ். மேற்க பாத்துக் கட்டுங்க."

கொளஞ்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சாமி, காலையில நான் கொண்டாந்தனே, அதே ஆடுதான் இது. கிழக்கன்னீங்க. இப்ப மேற்கங்கிறீங்க. ஆட்ட ரெண்டா அறுத்தா கட்டுறது?"

சித்தர் அசரவில்லை. "ஆர்.என்.ஏ. வைரஸ் உருமாறும்யா! காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு!"

"மாறும்தாங்க," என்றாள் வெற்றிச்செல்வி. "பிரதி எடுக்கறப்ப அங்கங்க ஒரு எழுத்து தப்பும். அத வெச்சுத்தான் எது எந்த வம்சம்னு பிரிக்கிறோம். அதுக்காக மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வம்சமே மாறிடாது. ஆட்டுக்காரங்க மாறுனா மாறுறது ஒங்க வாய்தான். அந்தத் திரைய கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

ரெங்கம்மாளே எட்டித் திருப்பினாள். திரையில் கல்யாணப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள். ஆட்டுக்கு மாமனார் வழியில் ஆதாயம் உண்டு என்று போட்டிருந்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் சித்தர் பேனரைக்கூடக் கழற்றாமல் நடையைக் கட்டினார். கொளஞ்சி பட்டியை மொத்தமாக ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். கதவு சாத்துவதற்குள் எல்லா ஆட்டுக்கும் ஊசி விழுந்தது.

அந்த நேரத்தில் ஒருவர் சித்தரைத் துரத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். உதைக்கத்தான் போகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். "சாமி, எம்பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு. அந்த மிஷின்ல பொருத்தம் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

வைரஸ்கூடப் பிரதி எடுக்கும்போது ஓரெழுத்தாவது மாறிக்கொள்கிறது. நம் மூடத்தனம் மட்டும் தலைமுறை தலைமுறையாக எழுத்துப் பிசகாமல் பிரதியாகிக்கொண்டிருக்கிறது. மூளையே இல்லாத வைரஸ் செய்வதை, மூளையுள்ள நாம் ஒருமுறையாவது செய்து பார்க்கக் கூடாதா?